இல்லாத மெஷினுக்குக் குங்குமம்

ஏறாக்குளம் டெலிபோன் எக்சேஞ்சில் நாலு மெஷின்களும் நாலு பேரும் இருந்தார்கள். அதில் மெஷின்களுக்கு மட்டும் கொஞ்சம் புத்தி உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அது வெறும் பொறாமைப் பேச்சு. அந்த நாலு பேரும் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்தவர்கள் இல்லை. யோசித்ததால்தான் எல்லா வம்பும் வந்தது.

பீரோ உயரத்துக்கு நின்ற அந்த மெஷின்களுக்கு ஆளுக்கொரு வேலை. ஒன்று பேச்சை இணைக்கும். ஒன்று யாருக்கு என்ன நம்பர் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒன்று யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று கணக்கெடுக்கும். இன்னொன்று வெளியூர்ப் பேச்சை வரவேற்று, வழியனுப்பி வைக்கும். மெஷினுக்கு ஒருவர் காவல். இணைக்கிற மெஷினுக்குத் தலைவர் அணஞ்சபெருமாள். ஞாபக மெஷினுக்கு இசக்கியப்பன், அவருக்குத் தன் வீட்டு நம்பரே ஞாபகம் இருக்காது. கணக்கு மெஷினுக்குப் பிரம்மசக்தி அக்கா. வெளியூர் மெஷினுக்கு உச்சிமாகாளி. அவர் ஏறாக்குளத்தைத் தாண்டி எங்கேயும் போனதில்லை.

ஆயுத பூஜைக்கு அவரவர் மெஷினுக்கு அவரவர் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்க வேண்டும். அந்தப் பொட்டில்தான் வருஷம் முழுக்க மெஷின் ஓடுகிறது என்பது அணஞ்சபெருமாளின் தீர்மானம். கரண்டைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. "கரண்டு எல்லா ஊர்லயுந்தான் இருக்கு, எல்லா ஊர்லயும் போன் ஒழுங்காவா கேக்கு?" என்பார்.

அவரிடம் ஆதாரமும் இருந்தது. போன வருஷம் உச்சிமாகாளி தன் புது சைக்கிளின் கம்பி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்ததில் குங்குமம் தீர்ந்துபோய், வெளியூர் மெஷின் வெறும் நெற்றியோடு நின்றது. அந்த வருஷம்தான் அணஞ்சபெருமாளின் மகள் சண்முகவடிவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து "எங்களுக்குச் சம்ம" என்றார்கள். லைன் அறுந்துவிட்டது. மீதி "தம்" வந்து சேரவே இல்லை. முக்கால் சொல்லை நம்பி எப்படிப் பந்தல் போடுவது? அணஞ்சபெருமாள் மூன்று நாள் காத்திருந்துவிட்டு, கொடுத்து வைக்கவில்லை என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் மனசில் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில் சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினீயர் தமயந்தி ஒரு லாரியோடு வந்து இறங்கினாள். நாலு மெஷின்களையும் கழற்றி லாரியில் ஏற்றச் சொன்னாள். நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"இனிமே இந்தப் பெட்டிங்க வேண்டாம் சார். இதுங்க செஞ்ச வேலை அத்தனையையும் சாஃப்ட்வேரே செஞ்சிடும். அது வேற எங்கேயோ இருக்கிற பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல ஓடும். சத்தம் முன்னைவிடத் தெளிவா இருக்கும், பக்கத்துல நின்னு பேசற மாதிரியே கேக்கும்" என்றாள்.

"அப்ப நாங்க?" என்றார் அணஞ்சபெருமாள்.

"நீங்க வழக்கம்போல உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் லாரியில் ஏறிப் போய்விட்டாள். சுவரில் சின்னதாக ஒரு பெட்டியும் அதிலிருந்து ஒரு வயரும் மட்டும் மிச்சம்.

அவர்கள் வழக்கம்போல வேலையைப் பார்த்தார்கள். பிரம்மசக்தி அக்கா காலையில் வந்து, கணக்கு மெஷின் நின்ற இடத்தைச் சுற்றி வளைத்துப் பெருக்கினாள். இசக்கியப்பன் ஸ்டூலில் ஏறி நின்று, ஞாபக மெஷினின் தலை எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் துணியால் காற்றைத் துடைத்தார். மெஷினுக்கு வெக்கை ஆகாது என்று ஏசியும் ஓடியது. ஒரு நாள் உச்சிமாகாளி ஏதோ நினைப்பில் வெளியூர் மெஷின் நின்ற இடத்தின் குறுக்கே நேராக நடந்துவிட்டார்.

"வேய், கண்ணு தெரியலயா? மெஷின் மேல ஏறி மிதிச்சிட்டுப் போறீரு!" என்று அணஞ்சபெருமாள் சத்தம் போட்டார்.

உச்சிமாகாளி பதறிப்போய், அந்த வெற்றிடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் சண்முகவடிவுக்கு இன்னொரு சம்பந்தம் கூடி வந்தது. பையன் வல்லக்குறிச்சி. பேர் முருகவேள், நல்ல வேலை. அப்பா குலசேகரப் பெருமாள் பெண்ணைப் பார்த்துவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, வேனில் ஏறும்போது சொன்னார்: "எங்க முடிவை ஆயுத பூஜையன்னைக்கு போன்ல சொல்லுதோம். நல்ல நாளு."

அணஞ்சபெருமாளுக்குத் தூக்கம் போயிற்று. இந்தத் தடவையும் பாதியில் அறுந்தால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆயுத பூஜை காலையில் நாலு பேரும் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக எக்சேஞ்சில் கூடினார்கள். குங்குமம் நிறையவே இருந்தது. உச்சிமாகாளியின் சைக்கிளை வீட்டில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பொட்டை எங்கே வைப்பது?

"சுவத்துல இருக்க பெட்டிக்கு வைப்போமா?" என்றாள் பிரம்மசக்தி.

"அது வெறும் வாசப்படி அக்கா. சாமி உள்ள இல்லாம வாசப்படிக்குப் பொட்டு வச்சு என்ன பிரயோசனம்?" என்றார் இசக்கியப்பன்.

"அப்ப மெஷினுக்கே போன் பண்ணி, எங்கன இருக்கீரு, வந்து பொட்டு வைக்கோம்னு கேட்டுருவோம்" என்றார் உச்சிமாகாளி.

இவ்வளவு நாள் இந்த யோசனை யாருக்கும் வராமல் போனதே என்று எல்லோரும் அவரைப் பெருமையோடு பார்த்தார்கள். எக்சேஞ்சின் பழைய நம்பருக்கு அடித்தார்கள். ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளது என்றது.

"வெளியூர் போயிருக்காம்" என்றார் உச்சிமாகாளி. "வீட்டுல பொம்பளை ஆளு எடுத்துச் சொல்லுது."

அணஞ்சபெருமாள் உடனே தமயந்திக்கே அடித்தார். அவள் ஏதோ பண்டிகைச் சமையலில் இருந்தாள் போல, குக்கர் விசில் கேட்டது.

"அது எங்க வேணா ஓடும் சார். ஒரு கம்ப்யூட்டர் நின்னா இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தானா மாறிடும். நீங்க கவலையே படாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"எங்க வேணா ஓடுமாம்" என்றார் அணஞ்சபெருமாள் மெதுவாக. "ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறுமாம்."

பிரம்மசக்தி அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்ப எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வச்சிர வேண்டியதுதான்."

புறப்பட்டார்கள். உரக்கடை பில் போடும் கம்ப்யூட்டருக்கு வைத்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஏற்கெனவே தன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துக் கதம்பம் சூட்டியிருந்தார். கடைக்காரர் வைத்த பொட்டு கடைக்கு மட்டும்தான் செல்லும், டெலிபோனுக்குச் செல்லாது என்று இசக்கியப்பன் விளக்கம் சொல்ல, அதன்மேலேயே இன்னொன்று வைத்தார்கள். எடை மேடையில் கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் கை எட்டவில்லை. உச்சிமாகாளி ஒட்டடைக் கம்பு நுனியில் சந்தனத்தை அப்பி நீட்டினார். சந்தனம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், உள்ளே படுத்திருந்த காவல்காரரின் மூக்கில் விழுந்தது. அவர் சாமி வந்து எழுப்பியதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு ஏ.டி.எம்.மில்தான் சிக்கல் வந்தது. மெஷினுக்கு நெற்றி எது என்று நாலு பேரும் அண்ணாந்து தேடினார்கள். மேலே ஒற்றைக் கண்போல ஒரு கேமரா தெரிந்தது. கண்ணுக்குச் சற்று மேலே இருப்பதுதானே நெற்றி என்று பிரம்மசக்தி அக்கா கை நிறையச் சந்தனம் எடுத்து அப்பினாள். சந்தனம் வழிந்து கண்ணை மூடியது. உடனே மணி அலறத் தொடங்கியது.

"பாத்தீரா அண்ணாச்சி, நாம மணி கொண்டாரலைன்னு அதுவே அடிக்கி!" என்றார் உச்சிமாகாளி பரவசமாக. இசக்கியப்பன் சட்டென்று சூடத்தைக் கொளுத்திவிட்டார்.

லத்தியோடு ஓடி வந்த ஏட்டு, உள்ளே தீபாராதனை நடப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றுவதா, இவர்களைப் பிடிப்பதா என்று புரியாமல் நின்றார். முதலில் செருப்பைக் கழற்றினார். பிறகுதான் நாலு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். அங்கே அணஞ்சபெருமாள் மகள் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். ஏட்டுக்கும் கல்யாண வயசில் மகள் உண்டு. அவர் மனசு இளகி, கேமராவை நன்றாகத் துடைத்துக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வரும்போது ஸ்டேஷன் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு ஏறியிருந்தது.

மத்தியானம் அணஞ்சபெருமாள் வீட்டில் செல்போனை மணைமேல் வைத்து, அதற்கும் பொட்டு வைத்து, எதிரே உட்கார்ந்தார். மனைவி கோமதி சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை. மகள் சுண்டல் கொண்டுவந்தாள். தொடவில்லை. வெயில் இறங்கியது. போன் அடிக்கவில்லை. இத்தனை பொட்டுக்குப் பிறகும் அடிக்காத போனைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது வாசலில் வேன் சத்தம். குலசேகரப் பெருமாளும் அவர் மனைவியும் முருகவேளும் இறங்கினார்கள். அணஞ்சபெருமாள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

"வாங்க வாங்க! மத்தியானத்துல இருந்து போனைப் பாத்துக்கிட்டே கெடக்கேன்."

"அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார் குலசேகரப் பெருமாள் வருத்தமாக. "ஆயுத பூஜையில்லா. வீட்டுல இருக்க போனையெல்லாம் பூஜையில வச்சாச்சு. வச்ச பொருளை இன்னைக்கு எடுக்கக் கூடாதே. அதான், இன்னைக்குப் போன் பண்ண முடியாது, நாளைக்குப் பண்ணுதோம்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தோம்."

"அப்ப உங்க முடிவு?" என்று கோமதி கதவோரத்தில் நின்று கேட்டாள்.

"அது எப்படிம்மா இப்பச் சொல்ல? போன்ல சொல்லுதோம்னுல்லா பேச்சு!"

அணஞ்சபெருமாள் மனைவியை முறைத்தார். "முறைன்னு ஒண்ணு இருக்கு. பேசாம இரி." அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சொன்ன சொல்லுக்காக வேன் பிடித்து வரும் குடும்பம் எங்கே கிடைக்கும்? உள்ளே சண்முகவடிவும் முருகவேளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதில் வருவதற்குள் அப்படி என்ன சிரிப்பு என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வேனில் ஏறும்போது குலசேகரப் பெருமாள் திரும்பினார். "லைன் நல்லா இருக்கும்லா?"

"ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் பாக்கியில்லை. எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சு."

"அப்ப எங்க ஊர்ல இருக்கதுக்கு?"

அணஞ்சபெருமாள் அப்படியே நின்றுவிட்டார். எங்கே வேண்டுமானாலும் ஓடும் என்றாளே அந்தப் பெண்! அது இந்நேரம் வல்லக்குறிச்சியில் ஓடிக்கொண்டிருந்தால்? அடுத்த கணம் ஆள் விட்டு மூன்று பேரையும் வரவழைத்தார். உச்சிமாகாளி முதன்முதலாக ஊர் எல்லையைத் தாண்டப் போகிறோம் என்று வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். நாலு பேரும் சந்தனக் கிண்ணத்தோடு வேனில் ஏறினார்கள்.

வல்லக்குறிச்சியில் ரேஷன் கடை மெஷின் முதல் பல் டாக்டர் கம்ப்யூட்டர் வரைக்கும் பொட்டு வைத்து முடித்தார்கள். ராத்திரி குலசேகரப் பெருமாள் வீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை.

விடிந்தால் விஜயதசமி. குளித்து, விபூதி பூசி, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். குலசேகரப் பெருமாள் பூஜையிலிருந்து போனை எடுத்துக் கண்ணில் ஒற்றி, நம்பரை அழுத்தினார். அவருக்குப் பக்கத்தில், அதே பாயில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த அணஞ்சபெருமாளின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் அதை எடுத்துக் காதில் வைத்தார். மற்ற மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"அலோ, ஆரு பேசுதது?"

"நாந்தான், வல்லக்குறிச்சி குலசேகரப் பெருமாள் பேசுதேன். எங்களுக்குச் சம்மதம்."

"தம்" வந்துவிட்டது. முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் வந்துவிட்டது. அணஞ்சபெருமாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரியாத்தான் போச்சு வேய்! பக்கத்துல நின்னு பேசுத மாதிரியேல்லா கேக்கு!"