கட்டில் அளவு மடம்

பெருநாடு என்று ஒரு நாடு இருந்தது. எவ்வளவு பெரியது என்றால், கீழைக் கோடியில் கூவிய சேவலின் குரல் மேலைக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சேவல் குழம்பாகிவிடும். அவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரே ஒரு பயம்தான். படகு.

எங்கெங்கோ சண்டை நடக்கும் ஊர்களிலிருந்து ஜனங்கள் ஓட்டைப் படகுகளில் ஏறி வந்துகொண்டே இருந்தார்கள். நாட்டில் கால் வைத்து 'அடைக்கலம்' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அவரை விசாரித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை மாற்றினால் உலகம் திட்டும். அதனால் பெருநாட்டார் சட்டத்தைத் தொடவில்லை. கரையை மாற்றிவிட்டார்கள். கடற்கரை மணல் இனிமேல் நாடில்லை என்று ஓர் உத்தரவு வந்தது. படகில் வந்து மணலில் நிற்பவர் இன்னும் நாட்டுக்கு வந்து சேராதவர். அவரை அப்படியே கப்பலில் ஏற்றி, தெற்கே கிடக்கும் நண்டுத்தீவில் இறக்கிவிடுவார்கள். விசாரணை அங்கே நடக்கும். எப்போது நடக்கும் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. இடம் கொடுத்ததற்காக நண்டுத்தீவுக்காரர்களுக்கு ஒரு படகுத்துறையும் மின்சாரமும் கிடைத்தன.

இந்த ஏற்பாடு முழுக்க மருதவாணனின் மூளையில் உதித்தது. கரைக்காவல் துறைக்கு அவர்தான் தலைவர். அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மருதவாணனுக்கு ஒரு குரு உண்டு. உள்நாட்டில், ஓர் ஆற்றங்கரையில் இருந்தார். மடத்தைச் சுற்றிப் பொன்னாவரைச் செடி மண்டிக் கிடந்ததால் அவருக்குப் பொன்னாவரைச் சாமி என்று பேர் நின்றுவிட்டது. மருதவாணன் ஆடி மாதத்துக்கு ஆடி மாதம் போய்ப் பார்ப்பார். போன ஆடியில் போனபோது இந்த நண்டுத்தீவு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னார். சாமி வாயைப் பிளந்து கேட்டார். மணல் நாடில்லை என்றால் மணலில் ஓடும் நண்டு எந்த நாட்டுப் பிரஜை என்றுகூட விசாரித்தார். மருதவாணன் சிரித்தார். சாமி சிரிக்கவில்லை. நல்ல யோசனை, நானும் செய்து பார்க்கிறேன் என்றார். மருதவாணன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

இந்த முறை ஆடி வருவதற்கு முன்பே கிளம்பி வந்துவிட்டார். காரணம், யாசின் என்கிற தையல்காரர்.

யாசின் நண்டுத்தீவு முகாமில் இருந்தார். வேலிக் கம்பி கெண்டைக்காலைக் கிழித்துச் சீழ் வைத்துவிட்டது. தீவில் இருப்பது ஒரே ஒரு டாக்டர். காலைக் காப்பாற்ற வேண்டுமானால் உடனே பெருநாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் கால் போகும், இன்னும் தாமதித்தால் ஆளே போய்விடுவார் என்று அவர் சொல்லிவிட்டார். விமானம் தயாராக நின்றது. ஆனால் படகில் வந்தவர் எந்தக் காரணத்துக்காகவும் பெருநாட்டில் கால் வைக்கக் கூடாது. அது மருதவாணன் போட்ட உத்தரவு. அதைத் தளர்த்தவும் அவரால் மட்டுமே முடியும். ஒரு காலுக்குத் தளர்த்தினால் நாளைக்கு முகாமே காலைக் கிழித்துக்கொண்டு நிற்கும் என்றார்கள் அவருடைய அதிகாரிகள். மருதவாணனுக்குத் தூக்கம் போய்விட்டது. குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று விடிந்ததும் காரில் ஏறினார்.

மடத்து வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் கம்பும் கையுமாக ஓர் ஆள் நின்றான்.

"சாமியைப் பார்க்கணும்," என்றார் மருதவாணன்.

"வர்றவங்க எல்லாரும் சாமியைத்தான் பார்க்கணுங்கறாங்க. பக்கத்துல வாத்துப் பண்ணை இருக்கு. அங்க போய் இருங்க. கூப்பிடுவாங்க."

"எனக்கு எதுக்கு வாத்து? நான் மடத்துக்கு வந்திருக்கேன்."

"நீங்க இன்னும் மடத்துக்கு வரலைங்களே. இது வாசல்தானே. வாசல் மடம் இல்லைன்னு போன ஆடியிலேயே சாமி சொல்லிட்டாரு. தை மாசத்துல முற்றமும் இல்லைன்னாரு. பங்குனியில கூடம் போச்சு."

"அப்போ எதுதான் மடம்?"

அவன் கம்பால் உள்ளே காட்டினான். "சாமி படுக்கிற கட்டில்."

மருதவாணன் எட்டிப் பார்த்தார். கூடம் வெறிச்சென்று கிடந்தது. நாலு யானையைக் கட்டிப் போடலாம், அவ்வளவு இடம். ஒரு பூனை மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது.

வேறு வழியில்லாமல் பண்ணைக்குப் போனார். அது செண்டாயி என்கிற பெண்பிள்ளையுடையது. முற்றத்தில் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டிருந்தது. அதற்கடியில் சாமியைப் பார்க்க வந்த சீடர்கள் பாய்மேல் பாயாகக் கிடந்தார்கள். நடுவில் வாத்துகள். யார் மேல் யார் நடப்பது என்பதில் இரண்டு தரப்புக்கும் ஏற்கெனவே தகராறு நடந்து முடிந்திருந்தது.

செண்டாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொண்ணா," என்றாள்.

தான் யார் என்று மருதவாணன் சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பாயை உதறிப் போட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் புலம்பத் தொடங்கினாள். சாமி முதலில் இடம் கேட்டு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்ததாம். தகரம் போட்டுக் கொடுத்தார், கிணற்றுக்கு மோட்டார் வைத்துக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்குத்தானே என்று ஒப்புக்கொண்டாள். இப்போது கிணறு வற்றி, அந்த மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வருகிறது. வாத்து முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. மடத்து வாசலில் நிற்கிற கொழுந்தன் ஒழுங்காக வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், கையில் கம்பைக் கொடுத்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் அதட்டுகிறான், அவளையே ஒரு நாள் அதட்டினான். புருஷன் சத்தம் தாங்காமல் அக்கா வீட்டுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

"அதையெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன்," என்றாள். "இதுங்க எல்லாம் திட்டுறது என்னைத்தான். சோத்துல கல்லு, பாயில மூட்டைப்பூச்சி, எல்லாத்துக்கும் நான்தான் பாவி. அடைச்சு வெச்ச மனுஷன் அங்க கட்டில்ல மகானா உக்காந்திருக்காரு."

மருதவாணனுக்கு நண்டுத்தீவுத் தலைவரின் முகம் நினைவுக்கு வந்தது. போன கூட்டத்தில் அவரும் இதையேதான் சொன்னார், கிணறு உட்பட. மருதவாணன் அப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் பாயில் தாடி வைத்த ஒருவர் இருந்தார். பெயர் உப்பிலி. தாடிக்குள் ஒரு வாத்துக்குஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது. சாமியிடம் என்ன கேட்க வந்தீர்கள் என்று மருதவாணன் மரியாதைக்கு விசாரித்தார்.

"மறந்துபோச்சு," என்றார் உப்பிலி. "வந்தப்போ நல்ல கேள்வியாத்தான் இருந்துது."

"அப்போ வீட்டுக்குப் போகலாமே?"

"போகலாம். என்ன கேட்டீங்கன்னு வீட்டுல கேட்பாங்களே."

போன் அடித்தது. நண்டுத்தீவு டாக்டர். விமானம் நிற்கிறது, சரியா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார் மருதவாணன்.

வெயில் ஏறியது. மருதவாணன் வாசலுக்குப் போய்க் கொழுந்தனிடம் தன் பதவியைச் சொன்னார். அப்படியா என்றான். சாமிக்குத் தன்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்றார். சாமிக்கு எல்லாரையும் தெரியும் என்றான். எப்போது கூப்பிடுவார் என்று கேட்டார். அதை மட்டும் கேட்கக் கூடாது என்றான். மருதவாணன் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். அவருடைய பாயில் இப்போது ஒரு வாத்து இருந்தது. அது நகரவில்லை.

மறுபடியும் போன். காய்ச்சல் ஏறுகிறது, கால் முழங்கால் வரைக்கும் கறுத்துவிட்டது என்றார் டாக்டர். குரலில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

"நானும் இங்கே காத்துக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர்," என்று எரிந்து விழுந்தார் மருதவாணன்.

"யாசின் உங்களை விசாரிக்கிறாரு. இவ்வளவு நேரமாகுதே, ஐயாவுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையான்னு கேட்கிறாரு. என்ன சொல்லட்டும்?"

மருதவாணன் போனை வைத்தார்.

உச்சி வெயில் சாய்ந்த நேரத்தில் கொட்டகையில் ஒரு சலசலப்பு. தோளில் ஈரத் துண்டோடு பொன்னாவரைச் சாமி தாமே நடந்து வந்துகொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். செண்டாயி எழுந்திருக்கவில்லை.

"என்ன சாமி இந்தப் பக்கம்?" என்றாள்.

"தண்ணி தவிச்சுது. குடிக்கலாம்னு கட்டிலை விட்டு இறங்கினேன். இறங்கின பிறகுதான் யோசிச்சேன், மடத்தை விட்டு வெளியே வந்துட்டேனே. இனி திரும்பிப் போகணும்னா முறைப்படி இங்கிருந்துதானே போகணும்?"

"வாங்க, நீங்களும் வாங்க. வரிசை அந்த வாத்துத் தொட்டிகிட்ட முடியுது."

சாமி நல்ல பிள்ளையாகப் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். துண்டால் ஈ ஓட்டினார்.

மருதவாணன் எழுந்து ஓடினார். யாசின், கால், விமானம், உத்தரவு, அதிகாரிகள் சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. கொண்டு வரலாமா, கூடாதா?"

"கேள்வியா? கேள்விக்கு மடத்துலதான் பதில் சொல்றது. இது வாத்துப் பண்ணை."

"அங்கே ஓர் ஆள் செத்துக்கிட்டிருக்கார்."

"பாவம். எனக்குக் கேட்குது. ஆனா நீ இன்னும் மடத்துக்கு வரலை, நானும் வரலை. நாம ரெண்டு பேரும் சந்திக்கவே இல்லையேப்பா."

"நீங்க போட்ட விதிதானே சாமி இது?"

"இல்லையே. நீ சொல்லிக் கொடுத்தது. நான் சும்மா எடுத்துப் போட்டுக்கிட்டேன். எங்கேயும் ஒரு புள்ளிகூட மாத்தலை."

மருதவாணனின் முகம் சிவந்தது. சட்டென்று குனிந்து சாமியின் கையைப் பிடித்துத் தூக்கினார். சாமி முதுகு, முதுகு என்று முனகினார். மருதவாணன் விடவில்லை. இழுத்துக்கொண்டு வாத்துகளுக்கு நடுவே நடந்தார். வாசலில் கொழுந்தன் கம்பை ஓங்கினான். வருவது சாமி என்று பார்த்ததும் ஓங்கிய கம்பை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். மருதவாணன் கயிற்றை அவிழ்த்துத் தரையில் எறிந்தார். வாசல், முற்றம், கூடம். பூனை எழுந்து வழி விட்டது. சாமியைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

"இப்போ மடத்துல இருக்கீங்க. சொல்லுங்க."

சாமி முதுகைத் தடவிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எப்படிப்பா உள்ளே வந்தோம்?"

"நடந்து வந்தோம்."

"யாரைக் கேட்டே?"

"யாரையும் கேட்கலை. எனக்கு அவசரம் சாமி."

"அப்படியா. அந்தத் தையல்காரருக்கு?"

மருதவாணன் சட்டையில் ஒட்டியிருந்த வாத்து இறகைத் தட்டிவிட்டார்.

"ஓ, அவருக்குக் கால் சரியில்லை, இல்லையா. நடந்து வர முடியாது. உனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம் போலிருக்கு."

போன் அடித்தது. மருதவாணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்தார்.

"ஏத்தி அனுப்புங்க."

"எங்கே இறக்கச் சொல்ல?" என்றார் டாக்டர். "மணல் நாடில்லைன்னு உத்தரவு இருக்கு. மணல்ல இறக்கித் திருப்பி இங்கேயே அனுப்பிடாதீங்க. என்னால இன்னொரு தடவை கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

"ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கச் சொல்லுங்க. மணலும் நாடுதான். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

போனை வைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தான் சொன்னது முழுதும் அவருக்கு உறைத்தது. தீவு முகாமில் ஒரு யாசினா இருக்கிறார்? வரிசை வரிசையாகக் கொட்டகை. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் தீவு ஜனம். கடலில் இன்னும் வந்துகொண்டிருக்கும் படகுகள்.

"சாமி," என்றார் மெதுவாக. "ஒருத்தருக்குத் திறந்துட்டா, பின்னாலேயே எல்லாரும் வருவாங்களே."

சாமி வாசலைப் பார்த்தார். அவிழ்த்தெறிந்த கயிறு கிடந்த இடத்திலேயே கிடந்தது. அந்தப் பக்கம் செண்டாயி கொட்டகைக்குள் புகுந்து ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பி, பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்னால் உப்பிலி. தாடியில் குஞ்சு. அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கொழுந்தன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு பாயை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வர்றாங்க," என்றார் சாமி. "நீ கொஞ்சம் நகர்ந்து உட்காரு."