மஞ்சள் நூல்

கண்மாயில் எத்தனை மீன் இருக்கிறது என்று தண்ணீரை இறைக்காமலே சொல்லிவிடலாம் என்பது தவமணியின் நம்பிக்கை. கணக்கு வாத்தியார். நாற்பது வயதில் லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருக்கு வழிகாட்டியான பேராசிரியை ரெஜினா அவரைவிட ஆறு வயது இளையவர்.

மீன்பிடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே இருநூறு மீன்களைப் பிடித்து, வாலடியில் மஞ்சள் நூல் கட்டி, திரும்ப விட்டிருந்தார் தவமணி. கலங்கிய தண்ணீரிலும் மஞ்சள் பளிச்சென்று தெரியுமே. திருவிழாவில் சிக்கும் மீன்களில் நூல் கட்டியவை எத்தனை என்று பார்த்தால் போதும், கண்மாயின் மொத்தத்தைச் சமன்பாடு சொல்லிவிடும். நூல் மீன் குறையக் குறைய, மொத்தம் கூடும்.

திருவிழா அன்று காலை ஊர்த் தலைவரான அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாக் கூடையோடு உள்ளே இறங்கியது. மதியத்துக்குள் மூவாயிரம் மீன் கரையேறிவிட்டது. அதில் நூல் கட்டியவை மூன்றே மூன்று. அவையும் வெளியூர்க்காரர்கள் பிடித்தவை.

"ரெண்டு லட்சம் மீன் இருக்கு மேடம்."

தவமணிக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கும் பிடிக்கலாமா என்று அம்பலகாரர் வேறு கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இவர் தப்பாகச் சொன்னால் அடுத்த வருஷம் கண்மாயில் தவளைதான் மிஞ்சும்.

அவர் நீட்டிய கணக்குத் தாளை ரெஜினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையில் கிடந்த ஒரு ஊத்தாவை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணு பிடிச்சிட்டு வாங்க சார்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவமணி சேற்றில் இறங்கினார். ஏழெட்டு முறை கூடையைக் குத்திய பிறகு ஒரு கெண்டை அகப்பட்டது. வாலில் மஞ்சள் நூல். அவர் பெருமையாகத் தூக்கிக் காட்டுவதற்குள், பக்கத்தில் மீன் தேடிக்கொண்டிருந்த வெள்ளையம்மா அதை வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமிக்கு நேர்ந்துவிட்ட மீனுய்யா. யாரோ வேண்டிக்கிட்டுக் கட்டியிருக்காக. காலையிலேர்ந்து நான் மட்டும் பதினாறு விட்டிருக்கேன்."

தவமணிக்கு முகம் தொங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பும் வந்துவிட்டது. நேரே போய், இன்றோடு போதும் என்று அம்பலகாரரிடம் சொன்னார். பிறகு சேறு சொட்டச் சொட்ட ரெஜினாவின் முன்னால் வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் நீல நூல் கட்டிடுறேன் மேடம்."

"எண்ணுறதுக்கு நீலம் கட்டுங்க சார். மீன் மிஞ்சணும்னா மஞ்சளும் கட்டுங்க."