சிங்காரி எலி வைத்த விருந்து

மலைச்சரிவிலிருந்த ஒரு காட்டில் சிங்காரி என்றொரு எலி வாழ்ந்தது. எதையும் அழகாக அடுக்கி வைப்பதில் அது கெட்டிக்காரி. அதை யாராவது புகழ்ந்துவிட்டால் தலைகால் புரியாது.

மழைக்காலம் நெருங்கியது. சிங்காரியின் வளை ஓடைக்கரைப் பள்ளத்தில் இருந்தது. முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே வந்துவிடும். மேட்டில் புது வளை வேண்டும் என்றால், அங்கே மண் கல்லாய்க் கிடந்தது. அதைத் தோண்ட முள்ளம்பன்றியால் மட்டுமே முடியும். அதிகம் பேசாத, சொன்னதைச் செய்கிற பிராணி அது.

"முதலில் விருந்து வைப்போம், பிறகு உதவி கேட்போம்" என்று சிங்காரி முடிவு செய்தது.

மலையடிவாரத்தில் பாலாடைக்கட்டி செய்யும் கொட்டகை ஒன்று உண்டு. உதிர்ந்த துண்டுகளை வேலிக்கு வெளியே கொட்டுவார்கள். சிங்காரி மூன்று நாள் நடையாய் நடந்தது. தொட்டால் குழைகிற ஒரு வகை, கடித்தால் நறுக்கென்று உடைகிற ஒரு வகை, நீலக் கோடு ஓடிய ஒரு வகை என்று சேர்த்தது. மேட்டுப் பாறையடியில் ஒரு பலாப்பலகையைப் போட்டு, குழைவானதை நடுவில் வைத்தது. மற்றவற்றை மெல்லிய துண்டுகளாக்கிப் பூவிதழ்போலச் சுற்றிலும் அடுக்கியது. இடையிடையே அத்திப்பழமும் நெல்லிக்காயும் வைத்து, ஓரத்தில் தேனடைத் துண்டு ஒன்றைச் சாய்த்தது. அதற்கே பெருமை தாங்கவில்லை.

உடனே ஓர் ஆசையும் வந்தது, குழந்தைகளே. அழகைப் பற்றி மயில் ஒரு வார்த்தை சொன்னால் காடே கேட்கும் அல்லவா? மயிலுக்கும் அழைப்பு போயிற்று.

மறுநாள் காலை முள்ளம்பன்றி தூரத்துக் குன்றிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தது. அவசரக்கார முயலும் கூடவே வந்தது. வந்ததும் வராததுமாக முயல் அத்திப்பழத்தில் கை வைத்தது.

"ஐயோ தம்பி, அதை எடுத்தால் வட்டம் குலைந்துவிடும். மயில் வந்து பார்க்கட்டும்" என்றது சிங்காரி.

முள்ளம்பன்றி ஓரத்துத் துண்டு ஒன்றை எடுக்கப் போனது.

"அண்ணா, அது இதழின் நுனி. இன்னும் கொஞ்ச நேரம்தான்."

அந்தக் கொஞ்ச நேரம் நடுப்பகல் வரை நீண்டது. மயில் வரவில்லை. குழைவான கட்டி வெயிலில் வழியத் தொடங்க, சிங்காரி இலையால் விசிறிக்கொண்டே தன் வளைக் கஷ்டத்தைச் சொன்னது.

"புல் என்னைக் காத்திருக்கச் சொல்லாது" என்று முயல் மேயப் போய்விட்டது.

பொழுது சாய்ந்தது. "நாளைக்கு மயில் கட்டாயம் வரும்" என்று சிங்காரி பலகையைத் தேக்கிலையால் மூடியது.

முள்ளம்பன்றி எழுந்தது. "நாளை உன் வளையைத் தோண்டி வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பசியோடு நடந்தது.

அடுத்த நாள் மதியமே மழை பிடித்துக்கொண்டது. பழைய வளைக்குள் தண்ணீர் புகுந்தது. சிங்காரி நனைந்து நடுங்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. புது வளை தயாராக இருந்தது. அதன் வாசலை அடைத்துக்கொண்டு முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது.

"வழி விடுங்கள் அண்ணா, குளிர் தாங்கவில்லை."

"பொறு. வாசல் வளைவு நன்றாக அமைந்துவிட்டது. நீ நுழைந்தால் விளிம்பு உதிரும். மயில் வந்து பார்க்கட்டும்."

"மயில் எப்போது வரும்?"

"நேற்று முழுக்க நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றது முள்ளம்பன்றி.

சிங்காரிக்கு வெட்கமாகிவிட்டது. பாறையடிக்கு ஓடிப் பலகையை இழுத்து வந்தது. நடுவிலிருந்த கட்டியைத் தானே பிய்த்து முள்ளம்பன்றியின் முன்னால் வைத்தது. இதழ்களெல்லாம் சரிந்தன.

முள்ளம்பன்றி அதை மென்றுகொண்டே வாசலை விட்டு விலகியது.

"நன்றாக இருக்கிறது" என்றது.

நீதி: வந்தவரைப் பசியோடு வைத்துக்கொண்டு விருந்தின் அழகைப் பார்க்கக் கூடாது.