பஞ்சுவுக்கு ஒரு வில்லை

எட்டுக்கல்மேட்டுக்காரர்களிடம் "கதவைச் சாத்திட்டு வாங்க" என்றால் ஒழுங்காகச் சாத்துவார்கள். அப்புறம் எப்படி வருவது என்று தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். அறிவு அவ்வளவுதான். மற்றபடி நல்ல ஜனங்கள்.

அந்த ஊரில் சுருளி என்பவன் ஒரு நாய் வளர்த்தான். பேர் பஞ்சு. கோழிக்குஞ்சு அதன் முதுகில் ஏறித் தூங்கும். வீட்டுக்குத் திருடன் வந்தபோது தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தது. சுருளிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பஞ்சுதான் எல்லாம்.

ஒருநாள் பஞ்சாயத்து ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. "பொல்லாத நாய் வைத்திருப்போர் வெள்ளிக்கிழமைக்குள் பதிந்து கழுத்தில் மாட்டும் வில்லை வாங்க வேண்டும். தெருவுக்குக் கூட்டி வந்தால் வாய்க்கூடு மாட்ட வேண்டும். வெளிவாசல் கதவில் நாய் ஜாக்கிரதை போர்டு வைக்க வேண்டும். வில்லை இல்லாத நாய், நாய் பிடிக்கும் வண்டியில் ஏற்றப்படும்."

சுருளிக்குக் கடைசி வரிதான் காதில் நின்றது. பஞ்சுவைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினான். அங்கே கிளார்க் காசிமாயன் இருந்தார். அவரும் இதே ஊர்க்காரர், அதனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

"நாய் கடிக்குமா?"

"கடிக்காதுண்ணே. ஈயைக்கூட விரட்டாது."

"அப்போ பதிய முடியாது. கடிக்கிற நாய்க்குத்தான் வில்லை."

"வில்லை இல்லேன்னா?"

"வண்டி."

"கடிச்சா?"

"வில்லை." காசிமாயன் கொஞ்சம் யோசித்தார். "சட்டம் தெளிவாத்தான் இருக்கு. கடிக்கச் சொல்லுப்பா."

சுருளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சியக்கா டீக்கடைக்கு வந்தான். பேச்சியக்கா ஊரிலேயே பெரிய அறிவாளி. மதுரை வரைக்கும் பஸ்ஸில் போய், இறங்காமலே திரும்பி வந்தவள்.

"யாரையாவது கடிச்சாத்தான் பஞ்சு பிழைக்கும்," என்றாள் பேச்சியக்கா. எல்லோரும் அவரவர் டீ கிளாஸைப் பார்த்தார்கள்.

"என் காலைத் தரேன்," என்றான் ஒச்சு. சுருளியின் அத்தை மகன், பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறவன். "ஆனா இடது காலுதான் மச்சான். வலது காலுக்கு நாளைக்கு வேலை இருக்கு."

இடது கெண்டைக்காலில் ஆட்டெலும்பைக் கட்டித் தெருவில் நிறுத்தினார்கள். பஞ்சு வாலாட்டிக்கொண்டே வந்தது.

"நில்லுங்கடா," என்றாள் பேச்சியக்கா. "தெருவுல வாய்க்கூடு மாட்டணும்னு மைக்ல சொல்லலையா? சட்டத்தை மீறிக் கடிச்சா அந்தக் கடி செல்லாது."

நியாயம்தான். காளைமாட்டு வாய்க்கூட்டை எடுத்து வந்து மாட்டினார்கள். பஞ்சுவின் தலை முழுக்க அதற்குள் போய்விட்டது.

"இதுக்குள்ள இருந்துக்கிட்டு எப்படிக்கா கடிக்கும்?" என்றான் சுருளி.

"கூடு எதுக்குடா? நாய் வாய்க்கும் மனுசன் தோலுக்கும் நடுவுல இருக்கிறதுக்கு. அது யார் மேல இருந்தா என்ன?"

கூட்டைக் கழற்றி ஒச்சுவின் காலில் மாட்டினார்கள். பஞ்சு அதை மெதுவாக உருவிக் கீழே வைத்தது, எலும்பை எடுத்துக்கொண்டது, நன்றிக்காகக் காலை ஒரு நக்கு நக்கியது.

"கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு," என்றான் ஒச்சு.

"ரத்தம் வரலையேடா."

"உள்ளுக்குள்ள வந்திருக்கும்."

பேச்சியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போர்டு இல்லாம அது எப்படிக் கடிக்கும்? தான் பொல்லாததுன்னு நாய்க்கு யார் சொன்னா? முதல்ல போர்டை மாட்டு."

வெளிவாசல் கதவில் மாட்ட வேண்டும். சுருளி வீட்டுக்கு வேலியே கிடையாது, கதவுக்கு எங்கே போவது? வெட்டவெளியில் ரெண்டு கம்பு நட்டு நடுவில் ஒரு கதவைத் தொங்கவிட்டுப் பூட்டும் போட்டார்கள். அன்றைக்கே சாவியைத் தொலைத்துவிட்டு சுருளி மத்தியானம் பூராவும், பூட்டை உடைக்கும் வரை, கதவுக்கு வெளியே நின்றான். பஞ்சு மட்டும் கதவுக்குப் பக்கத்தில் நடந்து உள்ளே போய் வந்தது. நாய்க்கு நடைமுறை தெரியாது என்று மன்னித்துவிட்டார்கள்.

பொங்கலுக்குக் கரைத்து மிஞ்சிய பொடி வர்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஒச்சு பலகையில் நாய் வரைந்தான். எழுத்து அவனுக்கு வராது. கொம்பு மட்டும்தான் அடித்துப் பழக்கம் என்பதால் காது ரெண்டும் கொம்பு மாதிரி வந்தது. இடம் மிச்சமிருந்தது என்று அது முழுக்கப் பல் போட்டான்.

போர்டை ஒரு நீட்டு ஆணியில் மாட்டினார்கள். பஞ்சு அதைப் பார்த்தது. ஊளையிட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. அப்புறம் வெளியே வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வந்துவிட்டது. சுருளி கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து ரெண்டு கையாலும் அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். ஏற்றினால் கட்டிலோடு, தன்னோடு சேர்த்து ஏற்றட்டும் என்று முடிவு பண்ணியிருந்தான்.

வண்டியோடு வந்த காசிமாயன் கதவைத் திறந்தார். போர்டில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி வேட்டியைக் கிழித்துத் தொடையில் ஒரு கீறு கீறியது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"ரத்தம்," என்றான் ஒச்சு பொறாமையோடு.

"அண்ணே, கடிச்சிருக்கா இல்லையா, நேர்மையாச் சொல்லுங்க," என்றான் சுருளி கட்டிலிலிருந்தே.

காசிமாயன் தொடையைப் பார்த்தார், போர்டிலிருந்த பல்லைப் பார்த்தார். நேர்மையான மனுசன். "கடிச்சிருக்கு," என்று சொல்லி வில்லையைப் பலகை நாயின் கழுத்தில் அறைந்தார்.

"அப்போ பஞ்சு?"

"இந்த வீட்டுப் பொல்லாத நாயைப் பதிஞ்சாச்சு. கட்டிலுக்கடியில கிடக்கிறது என்னவோ, அது எனக்குத் தெரியாது." வண்டி திரும்பிப் போனது. சுருளிக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் சாயங்காலம் சுருளி போர்டைச் சங்கிலியில் கட்டி, வாய்க்கூடு மாட்டி, தெருவில் நடத்திக் கூட்டிப்போனான். ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள்.

இதற்குள் காசிமாயன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நாய் கடித்தது என்றதும் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "கடிச்ச நாயைப் பத்து நாள் கவனிங்க. சாப்பிடாம இருந்தாலோ தண்ணியைக் கண்டு மிரண்டாலோ உடனே சொல்லுங்க," என்றார்.

ஊரே போர்டு முன்னால் உட்கார்ந்து கவனித்தது. சோறு வைத்தார்கள், தொடவில்லை. கறி வைத்தார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேச்சியக்காவுக்கு முகம் சுருங்கியது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதன் முகத்தில் வீசினாள்.

நாயின் முகம் கலங்கியது. கண் ரெண்டும் வழிந்து கீழே இறங்கியது. பல்லிலிருந்து சிவப்பாக ஒழுகியது.

"தண்ணிக்குப் பயப்படுதுடா," என்றாள் பேச்சியக்கா மெதுவாக. "வெறிதான்."

போர்டைத் தொட்டவன், சோறு வைத்தவன் எல்லோரும் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். வண்டி மறுபடி வந்து போர்டை ஏற்றிக்கொண்டு போனது. சுருளி தெருமுனை வரை கூடவே நடந்தான். என்ன இருந்தாலும் வளர்த்த பாசம்.

போர்டு போனதும் பஞ்சு கட்டிலுக்கடியிலிருந்து வந்து அவன் காலை நக்கியது. சுருளி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். உடனே பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் இப்போது வில்லை இல்லையே.

நேராக ஒச்சு வீட்டுக்குப் போனான்.

"இன்னொரு பலகை வரைஞ்சு குடு மச்சான்."

"அதே மாதிரியா?"

"வேணாம், வேணாம். பெருசா வாங்கினதாலதான் இவ்வளவு தொந்தரவு. இந்தத் தடவை குட்டியா வரை. சின்னதுலயிருந்தே பழக்கிக்கலாம்."