பத்தொன்பது மண்வெட்டிகள்

"சிலையில உயிர் வரலைம்மா" என்றார் தாண்டவராயன்.

அஞ்சலையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

தாண்டவராயனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சுற்றுவட்டாரத்தில் நல்ல சிற்பி என்று பேர். அஞ்சலையம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். சாமியாரம்மா ஆவதற்கு முன் இருபது வருஷம் ஏரி வேலையில் மண் சுமந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாண்டவராயன் அவரைத்தான் குருவாக வைத்திருந்தார். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

"என்ன சிலை?"

"எங்க ஊருக்குத்தான். அறுபது வருஷத்துக்கு முந்தி பெருமழை. ஏரி உடையப் பாத்துது. வீட்டுக்கு ஒரு ஆளு மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. கொட்டுற மழையில கரையை உசத்தி ஊரைக் காப்பாத்தினாங்க. எங்கப்பாவும் அதுல ஒருத்தரு."

"நல்ல காரியம்."

"பத்தொன்பது ஆளும்மா. உடம்பு சிமெண்டு. கையில இருக்கிற மண்வெட்டி மட்டும் அசல். அன்னிக்குப் புடிச்ச அதே மண்வெட்டி. பரண்ல கிடந்ததையெல்லாம் வீட்டு வீட்டுக்குத் தேடி எடுத்துக் குடுத்தாங்க. ஊரே சேர்ந்து செய்யற சிலை. வர்ற வெள்ளிக்கிழமை முச்சந்தியில நிறுத்தணும்."

குரலில் பெருமை இருந்தது. இருக்காதா பின்னே? சோறு ஊட்டும்போதே அவருக்கு அந்தக் கதையையும் சேர்த்து ஊட்டியிருந்தார்கள்.

அஞ்சலையம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"கூடை எங்கே?"

"எந்தக் கூடை?"

"கரையை உசத்த மண்ணு வேணும். மண்ணு தானா நடந்து வருமா? ஒரு மண்வெட்டிக்கு நாலு கூடையாவது ஓடணும். நான் ஓடியிருக்கேன். உன் சிலையில கூடை எங்கே?"

தாண்டவராயன் கேட்ட கதைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தார். ஊரில் ஒருவர்கூடக் கூடையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"போய்க் கேளு" என்றார் அஞ்சலையம்மா.

*

பத்தொன்பது பேரில் இன்னும் உயிரோடிருப்பவர் தாண்டவராயனின் அப்பா கொளஞ்சி மட்டும்தான். எண்பத்தாறு வயது. சிலைத் திறப்புக்கு வாங்கிய புது வேட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். துணியை இழுத்துத் திறந்து வைக்கப் போகிறவர் அவர்தான்.

"அப்பா, அன்னிக்குக் கூடை தூக்கினது யாரு?"

"கூடையா?"

"மண்ணை எதுலப்பா அள்ளினீங்க?"

கிழவர் வேட்டியைத் தடவுவதை நிறுத்தினார்.

"கரையை வெட்டி விடறதுக்குக் கூடை எதுக்குடா?"

தாண்டவராயன் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஏரிக்கு மேற்கே ஊர். கிழக்கே, கரைக்குக் கீழே, அந்தக் காலத்தில் கீழ்க்குடி என்று முப்பது குடிசைகள் இருந்தன. அன்றைய மழையில் கிழக்கே கீழ்க்கரை தானாக உடைந்து குடிசைகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது, பாவம், அவர்கள் விதி என்றுதான் ஊரில் சொல்வார்கள். இப்போது அங்கே கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா வெட்ட விட்டிருப்பானுங்களா?"

"எத்தனை பேருப்பா?"

"எண்ணலை." கிழவர் குரலை உயர்த்தினார். "வெட்டலைன்னா நம்ம ஊரு போயிருக்கும். உங்கம்மா போயிருப்பா. நீ பொறந்தே இருக்க மாட்ட. ஊருக்கு நல்லதுதான் பண்ணினோம். நான் நல்லாத்தான் தூங்கறேன்."

சொல்லிவிட்டு வேட்டியைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

*

அப்பா சொன்னதையெல்லாம் அஞ்சலையம்மாவிடம் கொட்டிவிட்டு, "சிலையை உடைச்சிடறேம்மா" என்றார் தாண்டவராயன். "சம்மட்டியை எடுத்து வெச்சிட்டேன்."

"உடைச்சா யாருக்கு நிம்மதி?"

அவர் யோசித்தார்.

"ஊருக்கு. எல்லாம் மறந்துபோயிடும்."

"பெறவு?"

"அப்போ கீழ்க்குடி ஆளுங்களைச் செய்யறேன். வெள்ளத்துல போறமாதிரி."

"அவங்க மொகம் உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத மொகத்தைச் செஞ்சா அது இன்னொரு பொய்."

தாண்டவராயன் வெட்கத்தை விட்டு அழுதார். அந்த மண்வெட்டிகளை அவர் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். அப்பாவின் மண்வெட்டியைக் கூடுதலாக ஒரு முறை துடைத்திருந்தார். நினைக்க நினைக்க உள்ளங்கை எரிந்தது.

"நான் என்னதாம்மா செய்யட்டும்?"

"சிலையைத் தொடாதே. பார்க்கிறவன் நிக்கிற இடத்தை மாத்து."

*

முச்சந்தி வேண்டாம், ஏரிக்கரையிலேயே சிலை நிற்கட்டும், கீழ்க்கரை மேல் நிறுத்தலாம், ஜனங்கள் கீழே நின்று பார்க்கட்டும் என்று தாண்டவராயன் ஊர்க் கூட்டத்தில் சொன்னார். நல்ல யோசனை என்று வாலிபர்கள் கை தட்டினார்கள். அப்பன் பாட்டன் வாய்வழி விஷயம் அறிந்த நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"எங்க நின்னா என்ன? நிறுத்துங்க" என்றார் கொளஞ்சி.

வெள்ளிக்கிழமை காலை. கருவேலத்தை வெட்டி இடம் சுத்தம் செய்திருந்தார்கள். மேளம் கொட்டியது. தாண்டவராயன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து கரைக்குக் கீழே, கீழ்க்குடி இருந்த இடத்தில் நிறுத்தினார். அந்தப் பக்கம் கொளஞ்சி அறுபது வருஷமாக வந்ததில்லை. கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். கிழவர் இழுத்தார்.

துணி சரிந்தது.

கரையின் விளிம்பில் பத்தொன்பது பேர் குனிந்து நின்றார்கள். மண்வெட்டிகள் தலைக்கு மேல் ஓங்கியிருந்தன. கீழிருந்து பார்க்கையில் ஒரு முகமும் தெரியவில்லை. இரும்பு மட்டும் தெரிந்தது.

ஜனங்கள் கை தட்டினார்கள்.

கொளஞ்சி தட்டவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. மகனுடைய கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

பிறகு மேளத்தையும் மீறிக் கத்தினார்.

"டேய், வெட்டாதீங்கடா! கீழே ஆளு இருக்கு!"