வாய் கட்டிய மாளிகை

வெள்ளாற்றுக்கு வடக்கே ஒரு சீமை. அதைக் கனகவிடங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்றால் என்ன, காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை என்று ஊரை ஆட்டிவைத்தான்.

ஒருநாள் சபையில், "குழந்தைக்குப் பேச்சு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுவிட்டான்.

ஆஸ்தான பண்டிதர் வேதவனம் முந்திக்கொண்டார். "பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது, பிரபு. யாரும் பேசிக் கெடுக்காவிட்டால் தேவபாஷையே வரும்."

"இல்லை மகாராஜா, கேட்டுக் கேட்டுத்தான் வரும்," என்றார் மந்திரி பொறையனார்.

"சோதித்துப் பார்த்துவிட்டால் போச்சு!" என்றான் ராஜா.

குயவர் தெரு வெள்ளச்சியின் ஐந்து மாதப் பிள்ளையைப் பிடுங்கிவந்து, ஊருக்கு வெளியே ஒரு மாளிகையில் வைத்தார்கள். செவிலிகள் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தாலாட்டு கூடாது. பேசினால் நாக்கு போகும். பிள்ளைக்குப் புரையேறியபோது ஒருத்தி துணியை இழுத்துவிட்டு "ஐயோ" என்றாள். அவள் நாக்கு போனது. இதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

இரண்டு வருஷமாகியும் பிள்ளை பேசவில்லை. "இன்னும் ஐந்து வருஷம் வேண்டும்," என்றார் பண்டிதர். ராஜாவும் தலையாட்டினான்.

வெள்ளச்சி மந்திரியின் காலில் விழுந்தாள். "நீங்க வாதம் பண்ணி ஜெயிக்க எம்புள்ளதானா கெடச்சான், சாமி?"

மந்திரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சபையில் எழுந்தார். "மகாராஜா, பிள்ளை தேவபாஷை பேசினால் செவிலிகளுக்கு என்ன புரியும்? ஏதோ உளறல் என்று விட்டுவிடுவார்கள். பண்டிதரே வாயைக் கட்டிக்கொண்டு அந்த ஐந்து வருஷமும் உள்ளே இருக்கட்டும்."

"ஆஹா, நல்ல யோசனை!" என்றான் ராஜா.

பண்டிதர் பதறி எழுந்தார். "பிரபு, ஐந்து வருஷம் பேச்சே இல்லாமல் இருந்தால் கற்றதெல்லாம் மறந்துபோகுமே! நாக்கே மரத்துவிடுமே!"

"நாற்பது வருஷம் பேசிய நாக்கே மரத்துவிடும் என்றால், ஒரு சொல்லும் பேசாத நாக்கு என்ன ஆகும், பண்டிதரே?" என்றார் மந்திரி.

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மாளிகையைத் திறக்கச் சொன்னான். நாக்கிழந்த செவிலியின் வீட்டில் ஒரு வருஷம் வாய் திறக்காமல் தண்ணீர் சுமக்கும்படி பண்டிதருக்கு உத்தரவு. மந்திரிக்கு முத்துமாலை. அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. ராஜாவுக்குத் தண்டனை? அதை யார் கொடுப்பது!

வெள்ளச்சி ஓடினாள். வாசலில் பிள்ளையைக் கண்டதும், "கண்ணு, நான் ஒன் அம்மாடா!" என்று கதறினாள்.

பிள்ளை நடுங்கிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

அவள் மண்ணில் உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்: "அம்மாடா."