நரம்பு இருக்கும் இடம்

"நாலு மாசமா வாரேன் மேடம். இன்னும் வேடிக்கைதான் பாத்துக்கிட்டு நிக்கேன். டிரில்லை எப்பதான் என் கையில தருவீங்க?"

கேட்டவர் டாக்டர் தங்கப்பழம். வயது ஐம்பத்திரண்டு. கோவில்பட்டியில் இருபத்தாறு வருடமாகப் பல் பிடுங்குகிறவர். வாயைத் திற என்று சொல்லி முடிப்பதற்குள் பல் கையில் இருக்கும் என்று ஊரில் பேர்.

போன பல்லின் இடத்தில் தாடை எலும்பைத் துளைத்து, திருகாணி இறக்கி, அதன் மேல் புதுப் பல் கட்டும் வித்தை அவருக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வெள்ளிக்கிழமைதோறும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறார்.

கற்றுத்தருகிறவர் டாக்டர் ஃபர்ஜானா. வயது முப்பத்தாறு. பேச்சு கம்மி.

"இன்னைக்கே தாரேன் அண்ணாச்சி."

தங்கப்பழத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சந்தோஷம் வந்தால் அவருக்கு விசில் தானாக வரும். வந்தது. மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தார்.

"ஒரு கேள்வி. பதில் சொல்லிட்டு எடுத்துக்குங்க. நரம்பு எங்க இருக்கு?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? தங்கப்பழம் இன்றைய நோயாளியின் ஸ்கேன் படத்தைத் திரையில் விரித்தார். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சின்னக் கால்வாய். அதில் ஓடுகிற நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது. அளவுகோலை வைத்தார்.

"இந்தா. எலும்பு மேட்டுல இருந்து பதிமூணு மில்லிமீட்டர் கீழ."

"இல்லை."

மறுபடி அளந்தார். "பதிமூணேதான் மேடம்."

"அளவு சரி. பதில் தப்பு."

தங்கப்பழத்துக்குச் சுருக்கென்றது. இந்த அம்மா எஸ்.எஸ்.எல்.சி. எழுதும்போது நான் கிளினிக் போர்டு மாட்டிவிட்டேன் என்று மனசுக்குள் ஒரு குரல் கிளம்பியது. அதை அடக்கினார்.

"எத்தனை மில்லி திருகாணி எடுத்து வச்சிருக்கீங்க?"

"பன்னிரண்டு. நீளமா இருந்தா பிடிமானம் நல்லாருக்கும்."

"மிச்சம்?"

"ஒரு மில்லி இருக்கே. நரம்பைத் தொட மாட்டேன் மேடம். நேத்து வந்தவனா நான்?"

ஃபர்ஜானா திருகாணியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். அதுவே தங்கப்பழத்துக்குத் தைரியம் தந்தது. நாலு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த இன்னொன்றையும் இறக்கிவைத்தார்.

"கேக்கேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க பல்லைச் சுத்தி மட்டும்தான் மரக்க வைக்கீங்க. நரம்போட வாசல்லயே ஊசி போட்டா பாதித் தாடையும் உதடும் சேர்ந்து மரத்துப்போயிரும். நிம்மதியா வேலை பாக்கலாம்லா."

"யாருக்கு நிம்மதி?"



ஃபர்ஜானா நோயாளி நாற்காலியைத் தட்டிக் காட்டினார். "நீங்க உக்காருங்க. அந்த ஊசியை உங்களுக்குப் போடட்டுமா?"

"எனக்கா?"

அவருக்கு ஒரு பல்லும் கெட்டதில்லை. ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்ட ஊசியைத் தான் ஒருமுறைகூடப் போட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்றால் பயம் என்று ஆகும். உட்கார்ந்தார்.

"போடுங்க."

பத்தே நிமிடம். இடது பக்கம் கீழுதடும் மோவாயும் எங்கோ போய்விட்டன.

"வெளியில நம்ம கேஸ்காரர் இருக்காரு. போய்ப் பேசிக்கிட்டிருங்க. காபி வரும்," என்றார் ஃபர்ஜானா.

*

வெளியே உட்கார்ந்திருந்தவர் தேவசகாயம். கல்யாண ஊர்வலங்களுக்கும் சர்ச் சப்பரங்களுக்கும் வாசிக்கிற பேண்டு செட்டின் மாஸ்டர். மடியில் டிரம்பெட் பெட்டி.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"விட்டுட்டு வந்தா இங்க உக்கார முடியாது சார்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். பித்தளை பளபளவென்று இருந்தது.

"ஊதுறது காத்துன்னு சொல்லுவாங்க. வேலை பூரா உதட்டுல இருக்கு. ஒரு நூல் தள்ளினா சுரம் செத்துரும். முப்பத்தொரு வருசமா இந்த உதடுதான் எங்க வீட்டுக்குச் சோறு போடுது."

"கவலையே படாதீங்க. நான்தான் செய்யப்போறேன்," என்றார் தங்கப்பழம் பெருமையாக.

காபி வந்தது. ஃபர்ஜானா ஆறவைத்தே அனுப்பியிருந்தார். தங்கப்பழம் ஒரு பெரிய டாக்டர் குடிப்பதுபோல நிதானமாகக் குடித்தார். குடித்துக்கொண்டே தன் இருபத்தாறு வருடத்தைச் சொன்னார்.

தேவசகாயம் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க."

கைக்குட்டையை எடுத்துத் தங்கப்பழத்தின் மோவாயைத் துடைத்துவிட்டார்.

தங்கப்பழம் அந்தக் கையைப் பார்த்தார். துடைத்தது தெரியவில்லை. குனிந்தார். வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பட்டன் வரைக்கும் காபி ஓடியிருந்தது.

அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. சமாளிப்பதற்காக விசிலடித்துப் பார்த்தார். புஸ்ஸென்று காற்றுதான் போனது. இன்னொரு தடவை. அதே காற்று.

தேவசகாயம் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. பெட்டியை மூடினார்.

"இப்படி எவ்வளவு நேரம் இருக்கும் சார்?"

"மூணு மணி நேரம். சரியாயிரும்."

"டிரில்லு நரம்புல பட்டுட்டா?"

தங்கப்பழம் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போனார்.

*

தட்டில் டிரில் முனைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆழத்துக்குக் கோடு போட்டிருக்கும். பன்னிரண்டு என்ற கோடு உள்ளதை எடுத்து அளவுகோலோடு சேர்த்து வைத்தார்.

கோடு அளவுகோலின் பூஜ்யத்தில் இருந்தது. கூர்முனை பன்னிரண்டையும் தாண்டி, நரம்பு இருக்கும் அதே பதிமூன்றை ஒட்டி நின்றது.

நாலு மாதம் அந்த முனையைக் கழுவித் துடைத்து ஃபர்ஜானா கையில் கொடுத்தவர் அவர்தான். ஒருநாளும் அளந்ததில்லை.

பன்னிரண்டு மில்லி திருகாணியை ஓரமாகத் தள்ளினார். பத்தை எடுத்து வைத்தார். ஃபர்ஜானா பார்த்தும் பார்க்காதவர்போலக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சுத்தி மட்டும் மரக்க வைக்கேன் மேடம்," என்றார் தங்கப்பழம்.

ஃபர்ஜானா டிரில்லை எடுத்து அவர் கையில் வைத்தார்.

தேவசகாயம் நாற்காலியில் சாய்ந்தார். வலது கை நெஞ்சின் மேல். பல் போன இடத்தைச் சுற்றி மட்டும்தான் மரத்திருந்தது; டிரில் நரம்பை நெருங்கினால் உதடு சொல்லிவிடும். என்ன தோன்றினாலும் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிரில் சுழன்றது. தண்ணீர் பீய்ச்சியது. ஆறு. ஏழு. தங்கப்பழத்தின் இதயம் தண்டோரா போட்டது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு குதூகலமும் இப்படி ஒரு பயமும் ஒன்றாக வந்ததில்லை. எட்டு. ஒன்பது.

விரல் எழுந்தது.

பத்து என்ற கோடு வருவதற்கு இன்னும் ஒரு மில்லி இருந்தது. கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தங்கப்பழம் நிறுத்திவிட்டார். டிரில்லை வெளியே எடுத்தார்.

"வலிக்கா? உதட்டுல சுரீர்னுச்சா?"

தேவசகாயம் இல்லை என்று தலையாட்டினார்.

"பின்ன?"

"நிறுத்துவீங்களான்னு பாத்தேன் சார்."

தங்கப்பழம் ஃபர்ஜானாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா மேடம்?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

"நானாத்தான் தூக்கினேன்," என்றார் தேவசகாயம். "இப்ப செய்யுங்க சார். பயம் போயிட்டு."

படம் எடுத்துப் பார்த்தார்கள். துளைக்கும் நரம்புக்கும் நடுவே மூன்று மில்லி எலும்பு அசையாமல் இருந்தது. மிச்சத்தைத் துளைத்தார். திருகாணி கிண்ணென்று இறுகி உட்கார்ந்தது. இரண்டு தையல்.

தேவசகாயம் எழுந்ததும் பெட்டியைத்தான் கேட்டார்.

"இன்னைக்கு ஊதக்கூடாது," என்றார் ஃபர்ஜானா.

"ஊத மாட்டேன்மா."

டிரம்பெட்டின் பித்தளை வாய்க்குமிழை மட்டும் கழற்றினார். கண்ணை மூடி உதட்டில் வைத்தார். தங்கப்பழம் குனிந்து அந்த உதட்டையே பார்த்தார்.

"ஜில்லுன்னு இருக்கு," என்றார் தேவசகாயம். கண்ணோரம் நனைந்திருந்தது. "எல்லாப் பக்கமும் ஜில்லுன்னு இருக்கு சார்."

தங்கப்பழம் துள்ளிவிட்டார். இருக்கிற அரை உதட்டை வைத்துக்கொண்டு, அந்தக் குமிழைக் கைநீட்டிக் காட்டிக் கத்தினார்.

"அங்க, மேடம். நரம்பு அங்க இருக்கு."

ஃபர்ஜானா ஒரு துண்டுப் பஞ்சை நீட்டினார்.

"வாயைத் துடைச்சுக்குங்க அண்ணாச்சி."